முன்னாவின் அம்மாவைத் தேடி

“பெயர் என்ன, மாயி?”

“முன்னாவின் அம்மா.”

“எந்த ஊர்?”

“பெரிய அரசமரம் இருக்கிறதே, அதற்கு அந்தப் பக்கம்.”

“புருஷன் பெயர்?”

மூதாட்டி முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொள்கிறார். கணவன் பெயரை வாயால் சொன்னால் அவன் ஆயுள் குறையும். அவர் இறந்து பத்து வருடம்கூட ஆகியிருக்கலாம். அதனாலென்ன, வழக்கம் வழக்கம்தான். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் தொண்டருக்கு இது புதிதல்ல. விடுகதைக்குத் தாவுகிறார். “சாமி பெயரா?” தலை ஆடுகிறது. “ராமரா?” இல்லை. “ராமருடைய தம்பி” என்று முக்காட்டுக்குள்ளிருந்து குரல் வருகிறது. “எந்தத் தம்பி? கூடவே காட்டுக்குப் போனவரா, ஊரில் இருந்தவரா?” “காட்டுக்குப் போனவர்.” பேரேட்டில் ‘லக்ஷ்மண்’ என்று ஏறுகிறது.

கங்கையும் யமுனையும் கூடும் மணல்வெளியில், மேளா நாட்களில், இப்படி ஓர் உரையாடலைக் காலையிலிருந்து நள்ளிரவு வரை எப்போது போனாலும் கேட்கலாம். அலகாபாத் என்று நெடுங்காலம் அறியப்பட்டு 2018-ல் பிரயாக்ராஜ் ஆன நகரத்தின் ஓரத்தில், ஒவ்வோர் ஆண்டும் மாக மாதத்தில் ஒரு தற்காலிக நகரம் முளைக்கிறது. கும்பமேளா ஆண்டுகளில் அது ஒரு மாவட்டமாகவே ஆகிவிடுகிறது. 2025 மகா கும்பமேளாவுக்கு 4,000 ஹெக்டேர் பரப்பு, 25 செக்டார்கள், ஆற்றைக் கடக்க 30 மிதவைப் பாலங்கள். ஜனவரி 13 முதல் பிப்ரவரி 26 வரை 45 நாட்கள். பல கோடிப் பேர் வந்து மூழ்கி எழுந்து போன இடம்.

அங்கே தொலைந்து போவதற்கு முட்டாளாக இருக்க வேண்டியதில்லை. குளித்துவிட்டுப் புடவை மாற்றுகிற நேரம் போதும். கூட்ட நெரிசலைத் தவிர்க்கப் பாலங்களை ஒருவழிப் பாதையாக்கிவிடுகிறார்கள் போலீஸார். போன வழியே திரும்ப முடியாது. அடுத்த பாலத்தில் ஏறி இக்கரைக்கு வந்தால் எல்லாக் கூடாரமும் ஒரே மாதிரி நிற்கிறது. கிராமத்தார் இதை அறிந்தவர்கள்தான். வரிசையாக ஒருவர் முந்தானையை ஒருவர் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். கயிற்றால் வளைத்துக்கொண்டு போகும் கூட்டங்களும் உண்டு. பிரயாகையின் பண்டாக்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் முகாமின் மேல் ஓர் அடையாளக் கொடி ஏற்றுகிறார்கள். ஒருவருக்கு மீன், இன்னொருவருக்கு யானை. எழுதப் படிக்கத் தெரியாத யாத்ரீகருக்கு அதுதான் விலாசம். “இரட்டை மீன் கொடிக்குப் போக வேண்டும்” என்று சொல்லத் தெரிந்தவர் தொலைந்தவரே அல்ல.

சொல்லத் தெரியாதவர்களுக்காகத்தான் ‘பூலே பட்கே ஷிவிர்’, அதாவது வழி தவறியவர்களின் முகாம். 1946-ல் ராஜாராம் திவாரி என்ற பதினெட்டு வயது இளைஞர் தகரத்தில் செய்த ஒரு குழலை வாயில் வைத்து, தொலைந்தவர்களின் பெயரைக் கூவிக்கொண்டு மேளாவைச் சுற்றினார். பிறகு ஒலிபெருக்கி வந்தது. 2016-ல் இறக்கும்வரை அவர் இதை விடவில்லை. அவருக்குப் பின் குடும்பத்தார் நடத்துகிறார்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி முகாம் உண்டு. மேளாவில் பிரிந்த அண்ணன் தம்பிகளை வைத்து இந்தி சினிமாக்காரர்கள் எத்தனை கிண்டலுக்கு ஆளாகியிருக்கிறார்கள்! ஆனால் இந்த முகாமின் வாசலில் அரை மணி நேரம் நின்றவர்கள் அப்புறம் அந்தக் கிண்டலைச் செய்ய மாட்டார்கள்.

முகாமின் வேலைமுறை மிக எளிது. வந்தவரிடம் முதலில் பேரேட்டில் எழுதிக்கொள்வார்கள். பிறகுதான் மற்றக் கேள்விகள். “எப்படித் தொலைந்தீர்கள்? சண்டை போட்டுக்கொண்டு வந்தீர்களா? இத்தனை வயதில் எதற்குத் தனியாக வந்தீர்கள்?” இவையெல்லாம் அங்கே யாரும் கேட்பதில்லை. பெயர், ஊர், என்ன நிறப் புடவை, கையில் என்ன மூட்டை, அடுத்த நிமிடம் ஒலிபெருக்கி. சில சமயம் ஒலிவாங்கியைத் தொலைந்தவர் கையிலேயே கொடுத்துவிடுகிறார்கள். ஹிந்தி அறிவிப்புக்குத் திரும்பாத தலை, போஜ்புரியில் தன் மனைவி அழும் குரலுக்குத் திரும்பும்.

கூட்டம் கலைந்து ஊர் திரும்பினால் இந்த ஒழுங்கு தலைகீழாகிவிடுகிறது.

டெல்லியிலோ பாட்னாவிலோ மாலை ஐந்து மணிக்குப் பால் வாங்கப் போன தாத்தா எட்டு மணி வரை வரவில்லை. வீட்டார் ஒன்பது மணி வரை தெருவில் தேடுகிறார்கள், பத்து மணி வரை உறவினருக்குப் போன் செய்கிறார்கள், பதினொரு மணிக்கு ஸ்டேஷன் படி ஏறுகிறார்கள். அங்கே கேள்விகள்தான் முதலில் வருகின்றன. வீட்டில் சண்டையா? சொத்துத் தகராறா? பெண் பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம்: “யாரோடாவது போயிருப்பாள், நாலு நாளில் வருவாள்.” கடைசியாக அந்தப் பிரசித்தி பெற்ற வாசகம்: “24 மணி நேரம் பார்த்துவிட்டு வாருங்கள்.”

இந்த 24 மணி நேரம் எந்தச் சட்டத்தில் இருக்கிறது? எதிலும் இல்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இல்லை, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் இல்லை. சினிமாவில் பார்த்துப் பார்த்து மக்களே நம்பத் தொடங்கிவிட்டார்கள். பலர் ஸ்டேஷனுக்குப் போகாமல் வீட்டிலேயே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எதிர்ப்பக்கம் இன்னொரு கடிகாரம் ஓடிக்கொண்டிருப்பது அவர்களுக்குத் தெரியாது. ரயில் பாதையிலோ சாலையோரத்திலோ அடையாளம் தெரியாத உடல் கிடைத்தால், பல மாநிலங்களில் 72 மணி நேரம் பிணவறையில் வைத்திருப்பார்கள். அதன் பிறகு ‘லாவாரிஸ்’, அதாவது கேட்பாரற்றது என்று எரித்துவிடுவார்கள். அந்த மூன்று நாளில் ஒரு நாளை ஒரு தலைமைக் காவலரின் வாய்வார்த்தைக்குத் தானம் செய்ய முடியுமா?

நொய்டாவின் நிதாரி கிராமத்துக்காரர்கள் தானம் செய்யவில்லை, அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது. கூலி வேலைக்கும் வீட்டு வேலைக்கும் வந்த குடும்பங்கள் அவை. குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காணாமல் போயின. பெற்றோர் புகாரோடு போய்ப் போய்த் திரும்பினார்கள். 2006 டிசம்பர் 29-ல் ஒரு பங்களாவின் பின்புறச் சாக்கடையிலிருந்து எலும்புகள் வெளியே வந்தபோதுதான் நாடு அந்தக் கிராமத்தின் பெயரைக் கேட்டது. 2023-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம், பெரும்பாலான வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. புலனாய்வைக் கடுமையாகச் சாடியது. முதல் குழந்தை காணாமல் போன அன்று ஒரு தாள் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தால் எத்தனை குழந்தைகள் பிழைத்திருக்கும் என்ற கேள்விக்கு எந்தத் தீர்ப்பிலும் பதில் கிடையாது.

அந்தத் தாளை எழுத வைப்பதற்கே உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. 2002-ல் ஹோரி லால் வழக்கில், காணாமல் போனவரின் படத்தைத் தாமதமின்றி, அதிகபட்சம் ஒரு வாரத்துக்குள், பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் வெளியிட வேண்டும் என்றது. 2013 மே 10-ல் ‘பச்பன் பசாவோ ஆந்தோலன்’ தொடுத்த வழக்கில் இன்னும் தெளிவாகச் சொன்னது: 18 வயதுக்கு உட்பட்டவர் காணவில்லை என்று யார் வந்து சொன்னாலும் எஃப்.ஐ.ஆர். பதிய வேண்டும், கடத்தல் அல்லது ஆள் விற்பனை என்றே முதலில் கருத வேண்டும். நான்கு மாதத்தில் கிடைக்காவிட்டால் ஆள் கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு வழக்கு போக வேண்டும். புகார் வாங்கும் மேஜைக்கு முன்னால் இந்த 2013 என்ற எண்ணை உச்சரிப்பதற்கு ஒரு பலன் இருக்கிறது. அதைக் கேட்ட பிறகு பேனா மூடி திறக்கும்.

பெரியவர்கள் விஷயத்தில் உடனே எஃப்.ஐ.ஆர். ஆகாமல் போகலாம். சொந்த விருப்பத்தில் வீட்டை விட்டுப் போக வயது வந்த எவருக்கும் உரிமை உண்டு; போலீஸார் கண்டுபிடித்தாலும் இழுத்து வந்து ஒப்படைக்க முடியாது. ஆனால் புகாரை வாங்கி, ஸ்டேஷன் நாட்குறிப்பில் பதிந்து, அந்த எண்ணைக் கொடுத்தே ஆக வேண்டும். எண் இல்லாமல் வீடு திரும்பக் கூடாது. “இது எங்கள் எல்லை இல்லை” என்பது இன்னொரு பழைய பல்லவி. புதிய சட்டத்தின் 173-வது பிரிவு, குற்றம் நடந்திருக்கலாம் என்ற தகவலை எந்த ஸ்டேஷனில் கொடுத்தாலும் பதிய வேண்டும் என்கிறது. எல்லைக்குரிய ஸ்டேஷனுக்கு அனுப்பிவைப்பது அவர்கள் வேலை. மறுத்தால் எழுத்தில் மாவட்டக் கண்காணிப்பாளருக்கு, அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டுக்கு. யாரோ அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று நம்பக் காரணம் இருந்தால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு.

புகாரில் என்ன எழுதுவது? இங்கேதான் படித்தவர்களும் சறுக்குகிறார்கள். தூர்தர்ஷனில் ஒரு காலத்தில் வந்த ‘காணவில்லை’ அறிவிப்புகளை வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கோதுமை நிறம், நடுத்தர உடல்வாகு, உயரம் ஐந்தடி நாலங்குலம். பாதி இந்தியா இந்த வருணனைக்குள் அடங்கிவிடும்! தேடுகிற கண்ணுக்கு நிறமும் உயரமும் உதவாது. இடது காலைச் சாய்த்து வைத்து நடப்பார், கழற்றாத மூக்குத்தி, முன்பல் ஒன்று இல்லை, கோபம் வந்தால் மட்டும் மைதிலியில் பேசுவார், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார் என்பவைதான் உதவும். செருப்பு முக்கியம், ஆள் உடை மாற்றினாலும் செருப்பு மாற்றுவது குறைவு. படம் இந்த ஆண்டு எடுத்ததாக இருக்கட்டும். கல்யாண ஆல்பத்திலிருந்து கோட் சூட் போட்ட படத்தைக் கொடுத்துவிட்டு, லுங்கியில் போன மனிதரைத் தேடச் சொல்லும் வீடுகள் எத்தனையோ.

தேடுவதிலும் ஒரு முறை உண்டு. எல்லோரும் சேர்ந்து ஓடக் கூடாது. பிரிந்த இடத்தில் ஒருவர் அசையாமல் நிற்க வேண்டும். தொலைந்தவர் பல சமயம் அதே இடத்துக்குத்தான் திரும்பி வருகிறார். இன்னொருவர் வீட்டில். மற்றவர்கள் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு, பேருந்து நிலையம், ரயில் நிலையம் என்று பிரிந்து போகலாம். கலித்தொகையில் மகளைத் தேடிப் போகும் செவிலித்தாய், பாலை வழியில் எதிரே வரும் அந்தணர்களை நிறுத்தித்தான் கேட்கிறாள். எதிர்த்திசையிலிருந்து வருபவர்தான் பார்த்திருக்க முடியும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. (அங்கே அவளுக்குக் கிடைப்பது தகவல் அல்ல, அறிவுரை என்பது வேறு விஷயம்.) கையில் செல்போனோடு போனவரை மணிக்கு ஐம்பது முறை அழைத்து பேட்டரியைத் தீர்த்துவிடாமலிருப்பதும் உதவி. கடைசியாக அந்த போன் எந்தக் கோபுரத்தோடு பேசியது என்பதைப் போலீஸார் கேட்டு வாங்க முடியும். கேட்கச் சொல்லி வற்புறுத்த வேண்டும். சுவரொட்டியிலும் விளம்பரத்திலும் வீட்டு எண்ணைப் போட்டால், “உங்கள் பையன் எங்களிடம் இருக்கிறான், பணம் அனுப்புங்கள்” என்று பேசும் எத்தர்கள் வருவார்கள். ஆளின் குரலைக் கேட்காமல், படம் பார்க்காமல் ஒரு பைசா அனுப்பக் கூடாது.

குழந்தைகளுக்கு 1098 இருக்கிறது. 1996-ல் மும்பையில் தொடங்கிய சைல்டுலைன் எண் அது. 2023 முதல் அரசே நடத்துகிறது. ரயில்வேக்கு 139, எல்லா அவசரத்துக்கும் 112. வீட்டை விட்டு ஓடும் சிறுவர்கள் ரயில் ஏறுவது ஏறக்குறைய விதி. அதனால் பெரிய ரயில் நிலையங்களில் குழந்தைகளுக்கான உதவி மேஜைகள் இருக்கின்றன. அந்த மேஜைக்குப் படம் முந்துகிறதா, பிளாட்பாரத் தரகர் முந்துகிறாரா என்பதில்தான் சிறுவனின் தலைவிதி.

தொலைந்த இடத்திலிருந்து ஆயிரம் மைல் தள்ளிக் கிடைப்பவர்களும் உண்டு. மும்பையில் மனநல மருத்துவர் பரத் வாட்வானியும் அவர் மனைவி ஸ்மிதாவும் ஒருநாள் தெருவில் சாக்கடை நீரைத் தேங்காய் ஓட்டில் மொண்டு குடித்த ஓர் இளைஞனைப் பார்த்தார்கள். சிகிச்சை கொடுத்துத் தெளிந்ததும் அவன் சொன்னான்: ஆந்திராவைச் சேர்ந்தவன், பட்டதாரி. அங்கிருந்து பிறந்ததுதான் ‘ஷ்ரத்தா’ என்ற அமைப்பு. கர்ஜத்தில் உள்ள அதன் மையத்தில் மனநோயால் தெருவில் அலைந்தவர்களைக் குணப்படுத்தி, தெளிந்து ஊர் பெயர் சொன்னதும் ரயிலேற்றி, கூடவே ஆள் போய் வீட்டில் விட்டு வருகிறார்கள். 2018-ல் வாட்வானிக்கு மகசேசே விருது கிடைத்தது. ஊர் பெயர் நினைவு வர மாதங்கள் ஆகலாம். அதுவரை ஒரு வீட்டில் யாரோ வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அல்லது பார்ப்பதை நிறுத்தியிருக்கிறார்கள். சட்டம் அதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது: ஏழு ஆண்டுகள். 1872-ம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 108-வது பிரிவு இப்போது புதிய சட்டத்தில் 111. இயல்பாகச் செய்தி அறிந்திருக்க வேண்டியவர்கள் ஏழு ஆண்டுகள் ஒருவரைப் பற்றி எதுவும் கேள்விப்படவில்லை என்றால், அவர் உயிரோடிருக்கிறார் என்று நிரூபிப்பது அப்படிச் சொல்பவரின் பொறுப்பு. கேட்க எளிது. அந்த ஏழு ஆண்டுகளை ஒரு மனைவி எப்படிக் கழிப்பது? வகிட்டில் குங்குமம் வைப்பதா, வேண்டாமா என்பதில் மாமியார் ஒன்று சொல்வார், ஊர் ஒன்று சொல்லும். வங்கிக் கணக்கு அவர் பெயரில். நிலம் அவர் பெயரில். இறப்புச் சான்றிதழ் கிடையாது. விதவை உதவித்தொகையும் கிடையாது. 1955-ம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம் விவாகரத்துக்கும் அதே ஏழு ஆண்டுகளைத்தான் வைக்கிறது. காஷ்மீரத்தில் இப்படி நடுவில் நிற்கும் பெண்களுக்கு ‘அரை விதவை’ என்றே பெயர் வந்துவிட்டது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் அவர்கள் மறுமணம் செய்துகொள்ளலாம் என்று ஸ்ரீநகரில் உலமாக்கள் 2013 டிசம்பரில் கூடித்தான் ஒப்புக்கொண்டார்கள்.

இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 2004-ல் ஆயுள் காப்பீட்டுக் கழகத்துக்கும் அனுராதா என்பவருக்கும் இடையே நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: ஏழு ஆண்டு முடிந்ததும் இறந்ததாகக் கொள்ளலாமே தவிர, காணாமல் போன அன்றே இறந்தார் என்று கொள்ள முடியாது. அதாவது இடையில் பிரீமியம் கட்டாமல் விட்டால் பாலிசி காலாவதி. இருக்கிறாரா என்றே தெரியாதவருக்காக ஏழு ஆண்டுகள் பிரீமியம் கட்ட வேண்டும். எந்த ஏழு ஆண்டுகள்? எந்தத் தேதியிலிருந்து? அதைக் காட்டும் ஆவணம் ஒன்றுதான். முதல் நாள் இரவு ஸ்டேஷனில் எழுதி வாங்கிய அந்தத் தாள். “வந்துவிடுவார், ஊர் சிரிக்கும்” என்று புகார் கொடுக்காமல் விட்ட குடும்பங்கள் இந்தத் தேதிக்காகத்தான் பின்னால் நீதிமன்றப் படிகளில் உட்கார்ந்திருக்கின்றன.

2025 ஜனவரி 29, மௌனி அமாவாசை. விடிவதற்கு முன் சங்கமத்தில் நெரிசல். 30 பேர் இறந்ததாக அரசு அன்று அறிவித்தது. 1954 பிப்ரவரி 3-ம் தேதியும் இதே மௌனி அமாவாசைதான், இதே மணல்தான். அன்று இறந்தவர்கள் பல நூறு பேர். 2025-ல் கணினி வைத்த மையங்கள் இருந்தன, திரைகள் இருந்தன. இருந்தும் அன்று ஆட்கள் செல்போனில் ஒரு படத்தைக் காட்டிக்கொண்டு முகாமிலிருந்து மருத்துவமனைக்கும் மருத்துவமனையிலிருந்து பிணவறைக்கும் அலைந்தார்கள். வழி தவறியவர்களின் முகாமில் வழக்கத்தைவிடக் கூட்டம். பெயர் ஒலிபெருக்கியில் வரவேண்டுமே என்பது மட்டும்தான் அன்று அங்கே நின்றவர்களின் பிரார்த்தனை.

முகாமுக்கு வரும் பெரும்பாலோரைத் தேடி அன்றே ஆள் வந்துவிடுகிறது. மகன் வருவான், முதலில் திட்டுவான், பிறகு அழுவான், பேரேட்டில் கைநாட்டு வைத்துவிட்டுக் கூட்டிப்போவான். சிலருக்கு இரண்டு நாள். யாரும் வராவிட்டால் தொண்டர்களே அந்தப் பக்கம் போகும் யாத்ரீகர் கூட்டத்தோடு சேர்த்து ரயிலேற்றிவிடுகிறார்கள். ஊர் தெரியாதவர்கள் போலீஸ் பொறுப்பில் ஏதோ ஒரு ஆசிரமத்துக்குப் போகிறார்கள். வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போகப்பட்டவர்களும் உண்டு என்பதை மேளாவில் பழகிய எல்லோரும் அறிவார்கள். யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. அவர்களுக்காகவும் ஒலிபெருக்கி மூன்றாம் நாள், நான்காம் நாள் கூவுகிறது.

முன்னாவின் அம்மா கூடாரத்து மூலையில் வைக்கோலில் உட்கார்ந்து, கொடுத்த பூரியைத் தின்னாமல் முந்தானையில் முடிந்துகொள்கிறார். பேரனுக்காம். ஒலிபெருக்கி மறுபடி அவரைப் பற்றிச் சொல்லத் தொடங்குகிறது: பச்சைப் புடவை, கையில் பித்தளைச் செம்பு, லக்ஷ்மண் வீட்டார். கணவர் பெயரை அத்தனை சத்தமாகக் கேட்டதும் அவர் மறுபடி முக்காட்டை இழுத்துக்கொள்கிறார். தொண்டர் அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டார்.

“பெயர் என்ன, பாபா?”